ஊழியமும் தொண்டும்
(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கடலூர் முதுநகரில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

வெள்ளி விழா மேடையில் நிற்பவர் கடந்துவந்த 25 ஆண்டுகளைப் புகழ்ந்து பேசுதல் மரபு. எத்தனை பேர் பள்ளியிறுதி தேறினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கைச் செயலாளர் தம் அறிக்கையில் வாசித்துவிட்டார். அது நாம் பெருமைப்படத் தக்க கணக்கே. ஆயினும், சென்ற மாதம் நம் செயற்குழுவிற்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றியே யாம் இன்று பேச விழைகின்றோம்.

அக்கடிதத்தை எழுதியவர் நம் கழகத்தின் இரவுப் பள்ளியில் படித்து, செவிலியர் பட்டம் பெற்ற ஒரு பெண். கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றில் கிறித்தவ மிஷன் நடத்தும் மருத்துவமனையில் ஈராண்டுகள் தொண்டு செய்ய அவருக்கு அழைப்பு வந்துள்ளது. ஊதியம் இல்லை, உணவும் உறையுளும் மட்டுமே உண்டு. தம்மைப் படிக்க வைத்த கழகத்தின் வாழ்த்தைப் பெற்றே செல்ல வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார்.

கடிதம் வாசிக்கப்பட்டதும் குழுவில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர், நகராட்சியில் துப்புரவுப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் எழுந்தார். “ஊருக்கு ஊழியம் செஞ்சே நம்ம முன்னோர் செத்தாங்க. புள்ளைங்களாவது அதுலேர்ந்து மீளட்டும்னுதானே படிக்க வெச்சோம்? இப்போ கடல் தாண்டிப் போயும் சம்பளமில்லாம ஊழியமா?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். அவர்தம் கண்கள் கலங்கியிருந்தன.

அவர் கேள்வியைத் தள்ளிவிட்டு இவ்விழாவைக் கொண்டாட நமக்கு உரிமையில்லை. ஆகவே அதற்கு விடை காண முயல்வோம்.

ஒரு சொல், இரு பொருள்

நம் மூத்தவர் ‘ஊழியம்’ என்றார். அக்கடிதத்திலும் அதே சொல்லே இருந்தது. கிறித்தவ அன்பர்கள் இறைப்பணியை ஊழியம் என்கின்றனர். நம் முன்னோர்க்கோ அச்சொல்லின் பொருள் வேறு. செத்த மாட்டை அகற்றுவதும், இழவுச் செய்தியைத் தோளில் சுமந்து பத்துக் காதம் நடப்பதும், பறையறைவதும், சுடலை காப்பதும், பண்ணையாள் என்னும் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் கடனுக்கு உழைப்பதும் ஊழியமே. அங்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை இல்லை. மாட்டேன் என்று சொல்ல இயலாதவன் செய்யும் வேலை எத்துணை நன்மை பயப்பினும் அது தொண்டு ஆகாது.

கடல் கடந்த ஊழியமும் நம் மக்களுக்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அதுவே. அக்கப்பலின் பதிவேட்டில் அவர்தம் பெயரொடு சாதியும் எழுதப்பட்டிருந்தது. நம் குலப் பெயரும் அதில் உண்டு. கடலைக் கடந்தபோதும் சாதி அவர்களுடனேயே பயணம் செய்தது.

ஆகவே ‘கடல் தாண்டியும் ஊழியமா?’ என்று நம் மூத்தவர் கேட்டது வரலாறு அறிந்த ஒருவரின் கேள்வி. அவருக்கு விடை கூறுமுன், இதே கடற்கரைக்கு அயல்நாட்டிலிருந்து வந்து பணி செய்த இளைஞர் சிலரின் கதையை நினைவுகூர்வோம். அவர்கள் செய்த நன்மையும், செய்யத் தவறியதும், இனிச் செல்பவர்க்குப் பாடமாகும்.

தரங்கம்பாடிக்கு வந்த இளைஞர்

1706ஆம் ஆண்டு சூலை மாதம் தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது சீகன்பால்கு அவர்கட்கு வயது 23. செருமானியரான அவரை அனுப்பியவர் டென்மார்க்கு நாட்டு மன்னர். அந்த இளைஞர் முதலில் செய்த வேலை போதிப்பதன்று, கற்பது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பின்னர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1715ஆம் ஆண்டளவில் அது அச்சேறி முடிந்தது.

ஓர் எளிய தமிழ் விதவையின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியமையால், தம்மை அனுப்பிய நாட்டின் கோட்டைத் தலைவரது சினத்துக்கு ஆளானார். 1708ஆம் ஆண்டின் இறுதியில் சிறையில் அடைக்கப்பட்டு நான்கு திங்கள் அங்கே கிடந்தார். அனுப்பிய நாட்டின் அதிகாரி ஒருபுறம், நீதி கேட்கும் ஏழை மறுபுறம் என்று வந்தபோது, அவர் ஏழையின் பக்கம் நின்றார். அதனை நாம் நன்றியோடு போற்றுகின்றோம்.

ஆயினும் கதையின் மறுபாதியையும் சொல்லுதல் கடன். அந்த மிஷன் கட்டிய கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்துத் தனித்தனி இடத்தில் மக்கள் அமர்ந்தனர். 1733ஆம் ஆண்டில் அம்மிஷனின் முதற் தமிழ்க் குருவாக அருட்பொழிவு பெற்ற ஆரோன் அவர்கள் நம் கடலூரில் பிறந்தவர், வேளாளர். அதே காலத்தில் பணியாற்றிய இராசநாயக்கன் என்பார் நம்மவர். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். 1728 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் உபதேசியாராக ஊர் ஊராக நடந்து உழைத்தார். அவரையும் குருவாக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. ஆனால் அவர் கையால் திருவிருந்து பெற மேற்சாதிக் கிறித்தவர் இசையார் என்று அஞ்சி, அவரை விடுத்து வேறொருவரைத் தேர்ந்தனர். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்து 1771ஆம் ஆண்டில் மறைந்தார்.

கோட்டைத் தலைவரை எதிர்த்துச் சிறை புகுந்த மிஷன், சாதியை எதிர்த்து அடுத்த அடி எடுத்து வைக்கத் தயங்கியது. அயல்நாட்டு அதிகாரியின் கொடுமை அவர்களுக்குக் கொடுமையாகத் தெரிந்தது. சாதியோ அவர்களுக்கு ‘ஊர் வழக்கம்’ எனத் தெரிந்தது. தொண்டு செய்யப் புகும் ஊரில் எதனை ‘ஊர் வழக்கம்’ என்று விட்டுவிடுகின்றோம் என்பதை நம் இளைஞர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மேல்பட்டாம்பாக்கத்தில் எழுந்த குரல்

பல பத்தாண்டுகள் கழித்து இக்கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை எழுந்த இடம் நமக்கு மிக அண்மையில் உள்ளது. லைப்சிக் மிஷனைச் சார்ந்த கார்ல் ஓக்ஸ் என்னும் செருமானியர், சபைக்குள் சாதிக்கு இடமளிக்கலாகாது என்று வாதாடினார். அம்மிஷனின் இயக்குநராக இருந்த கிரவுல் அவர்களோ பெரும் தமிழறிஞர், திருக்குறளை மொழிபெயர்த்தவர். எனினும் சாதி என்பது சமுதாய வழக்கமே, அதனைப் பொறுத்திருந்து மெல்ல மாற்றலாம் என்பது அவர் கருத்து. தமிழை ஆழக் கற்றவர் பொறுமையாய் இருக்கச் சொன்னார். பொறுக்க மாட்டேன் என்ற ஓக்ஸ், தம்மை அனுப்பிய மிஷனைவிட்டு விலகினார்.

1860களின் தொடக்கத்தில் அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கம் அவருக்குத் துணை நின்றது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. அதனால் இம்மாவட்டத்துச் சபைகளில் சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் கூறார். ஆனால் ‘பொறுத்திருங்கள்’ என்னும் சொல்லை ஒருவரேனும் ஏற்க மறுத்தார் என்பது நம் மண்ணில் எழுதப்பட்ட செய்தி. அதனை நாம் மறத்தல் ஆகாது.

பரங்கிப்பேட்டைச் சகோதரிகள்

இங்கிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் பரங்கிப்பேட்டை உள்ளது. அங்குள்ள சேவா மந்திர் பள்ளியை உங்களிற் பலர் அறிவீர்கள். அதனைத் தோற்றுவித்த ஆன் மேரி பீட்டர்சன் அம்மையார் 1909ஆம் ஆண்டில் டேனிஷ் மிஷனைச் சார்ந்து இந்நாட்டுக்கு வந்தவர். அவருடைய தாய்நாடான டென்மார்க்கு ஒரு காலத்தில் குடியானவர்களை மதியாத நாடாக இருந்தது. குருண்ட்விக் என்னும் பெரியாரின் சிந்தனையால் 1844 முதல் அங்கே மக்கள் உயர்பள்ளிகள் தோன்றின. உழவர் வீட்டு இளைஞர்கள் அங்கே தம் மொழியில், தம் நாட்டு வரலாற்றை, தேர்வு பற்றிய அச்சமின்றிக் கற்றுத் தலைநிமிர்ந்தனர். அந்தக் கல்வி நெறியில் ஊறிய அம்மையார்க்கு, மிஷன் பள்ளிகள் தமிழ்ப் பெண்களைத் தம் மக்களிடமிருந்தே அந்நியராக்குவதாகத் தோன்றிற்று.

அவரினும் இளையவர் எஸ்தர் ஃபேரிங் அம்மையார். முப்பது வயது நிரம்பாத நிலையில் அதே மிஷனின் பணிக்கு வந்தவர். 1917ஆம் ஆண்டு சனவரியில் இருவரும் அகமதாபாத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்தைக் கண்டனர். அது முதல் அடிகளுக்கும் எஸ்தருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. அடிகள் எழுதிய அக்கடிதங்கள் பின்னர் 1956ஆம் ஆண்டில் நூலாகவும் வந்தன. ஆங்கில அரசு அவ்விளம்பெண்ணை ஐயக்கண் கொண்டு நோக்கியது. மிஷனும் அத்தொடர்பை விரும்பவில்லை. எஸ்தர் மிஷனைவிட்டு விலகினார். பின்னர் மேனன் என்னும் இந்திய மருத்துவரை மணந்தார். பீட்டர்சன் அம்மையாரும் மிஷனைத் துறந்து தம் சொந்தப் பொறுப்பில் பள்ளி தொடங்கினார். 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பள்ளிக்குக் காந்தியடிகளே அடிக்கல் நாட்டினார். அம்மையார் 1951ஆம் ஆண்டில் மறைந்தார்.

காந்தியடிகளோடு நமக்கு மாறுபாடுகள் உண்டு. 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் நம் நெஞ்சில் ஆறாத புண்ணே. அதனை வேறொரு மேடையில் பேசுவோம். ஈண்டு யாம் எடுத்துக்காட்ட விழைவது ஒன்றுதான். அனுப்பியவர் சொல்வது ஒன்று, சென்ற இடத்து மக்களின் தேவை வேறொன்று என்று ஆனபோது, இப்பெண்கள் இருவரும் ஊதியத்தையும் பாதுகாப்பையும் இழந்து மக்களோடு நின்றனர். அவர்களிடம் ‘மாட்டேன்’ என்னும் சொல் இருந்தது. அதனாலேயே அவர்கள் செய்தது தொண்டு ஆயிற்று.

நம்மவர் செய்த தொண்டு

இவையெல்லாம் பிறர் நமக்குச் செய்தவை. பெறுகின்ற இடத்திலேயே ஒரு சமுதாயத்தை என்றும் நிறுத்தி வைத்தால், இரக்கத்தின் பெயரால் மற்றுமொரு சேரி கட்டப்படும். நம்மவர் அங்கே நிற்கவில்லை என்பதற்குச் சிதம்பரமே சான்று.

ஆரணிக்கு அருகில் 1890ஆம் ஆண்டில் பிறந்த முனுசாமி என்னும் சிறுவர் திண்டிவனத்தில் கிறித்தவ மிஷன் பள்ளியில் படித்தார். அங்கே கல்வியை ஏற்றார், மதமாற்றத்தை ஏற்கவில்லை. அவரே பின்னர் சுவாமி சகசானந்தர் ஆனார். 1916ஆம் ஆண்டில், தம் 26ஆம் வயதில், சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். நந்தனார் உள்ளே செல்லத் தவம் கிடந்த ஊரில், நந்தனார் பெயரால் நம் பிள்ளைகள் உள்ளே சென்று படிக்கப் பள்ளியும் விடுதியும் எழுந்தன. சட்டமன்றத்திலும் நமக்காகக் குரல் கொடுத்த அவர் 1959ஆம் ஆண்டு மறைந்தார். நம் கழகம் போன்ற அமைப்புகள் பலவும் அவர் நட்ட மரத்தின் விழுதுகளே.

கடல் கடந்து சென்று மீண்டவரும் நம்மில் உண்டு. 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் வாழ்ந்து 1921ஆம் ஆண்டில் திரும்பினார். பின்னர் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமையைக் கேட்டார்.

2001ஆம் ஆண்டு, இன ஒதுக்கலுக்கு எதிரான உலக மாநாட்டை ஐக்கிய நாடுகள் அவை அதே தர்பன் நகரில் கூட்டியது. 1860ஆம் ஆண்டில் கூலிகளாக நம் மக்கள் இறங்கிய துறைமுகத்தில், அவர்தம் வழித்தோன்றல்கள் எனத் தக்க தலித் இளைஞர்களும் பெண்களும் நீதி கேட்போராக இறங்கினர். சாதியும் அம்மாநாட்டில் பேசப்படல் வேண்டும் என்று முழங்கினர். இந்திய அரசு அதனை எதிர்த்தது. மாநாட்டின் அறிக்கையில் சாதி என்னும் சொல் இடம்பெறவில்லை. ஆயினும் மறு ஆண்டே, பிறப்பின் வழி வரும் ஒதுக்கலில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இன ஒதுக்கல் ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. அக்குரல் வீண்போகவில்லை.

ஆழிப்பேரலை கற்பித்த பாடம்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாளை நம் முதுநகர் மறவாது. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கரையெங்கும் ஓலம் எழுந்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் ஓடிவந்தனர். பிணங்களை அகற்றினர், குடிநீர் சுமந்தனர், குழந்தைகளை அணைத்துக்கொண்டனர். அவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

ஆனால் உதவிப் பட்டியல் எழுதப்பட்டபோது என்ன நேர்ந்தது? படகை இழந்தவர் யார் என்று கேட்டனர். படகே இல்லாமல் கழிமுகத்தில் கைவலை வீசியவரும், மீன் சுமந்து விற்றவரும், உப்பு நீர் புகுந்த வயலில் கூலி வேலை செய்தவரும் பல இடங்களில் அப்பட்டியலில் ஏறவில்லை. தலித் மக்களும் இருளரும் பிந்தியே கணக்கில் வந்தனர். சில முகாம்களில் தனியே ஒதுக்கவும்பட்டனர். வந்தவர்களின் உள்ளத்தில் கள்ளம் இல்லை. ஆனால் ஊரின் எந்தத் தெரு முதலில் வரவேற்கின்றதோ அந்தத் தெருவே ஊர் என்று நம்பிவிட்டனர். அன்பு மட்டும் போதாது. கண்ணும் வேண்டும் என்பதை அப்பேரலை நமக்குக் கற்பித்தது.

செல்பவர்க்குச் சில சொற்கள்

இனி, கடிதம் எழுதிய மகளுக்கும், அவர் வழியில் செல்ல எண்ணும் இளைஞர்க்கும் நேரே சொல்கின்றோம்.

முதலாவது, கற்கச் செல்லுங்கள். அந்நாட்டு மொழியை அங்குள்ள சிறுவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். மொழி அறியாதவர் செய்யும் நன்மை பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, சென்ற ஊரின் சேரி எது என்று தேடுங்கள். அங்கு அதற்கு வேறு பெயர் இருக்கும். கிணற்றிலிருந்து விலக்கப்பட்டவர் யார், மருத்துவமனை வரிசையில் கடைசியில் நிற்பவர் யார் என்று பாருங்கள். அதைக் காணும் கண்ணை உங்கள் பாட்டனாரின் வாழ்வு உங்களுக்குத் தந்துள்ளது. வேறு எந்தப் பல்கலைக்கழகமும் அதனைத் தர இயலாது.

மூன்றாவது, உங்களை அனுப்புவோர் யார், செலவு செய்வோர் யார், தவறு கண்டால் ‘மாட்டேன்’ என்று சொல்லவும் திரும்பி வரவும் வழி உண்டா என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டைப் பிறர் கையில் ஒப்படைக்காதீர்கள். வீட்டிலுள்ள பெற்றோர்க்கு ஈராண்டு வருவாய்க்கு வழி செய்யாமல் செல்லாதீர்கள். தியாகம் செய்பவர் நீங்களாக இருக்கட்டும். உங்கள் தாய் பட்டினி கிடந்து அத்தியாகத்திற்கு விலை கொடுத்தல் ஆகாது.

நான்காவது, கேட்டவர்க்கு உண்மையைச் சொல்லுங்கள். ‘கிறித்தவராகிய உங்களுக்குமா சாதி?’ என்று அங்கே வியப்பர். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றிக் கூறுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், மதம் மாறிய நம்மவர்க்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்பட்டதையும், 1956ஆம் ஆண்டில் சீக்கியர்க்கும் 1990ஆம் ஆண்டில் பௌத்தர்க்கும் அவ்வுரிமை வழங்கப்பட்டதையும், கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் வழங்கப்படாததையும் கூறுங்கள். நாட்டின் மானம் போகுமே என்று அஞ்சாதீர்கள். அநீதியை மறைப்பதனால் எந்த நாட்டுக்கும் மானம் வாராது.

ஐந்தாவது, திரும்பி வாருங்கள். கற்றதை நம் இரவுப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திரும்பி இங்கேயே தங்க வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தினால் அதுவும் பழைய ஊழியமே ஆகிவிடும். ஆனால் ஒரு முறையேனும் வந்து, கண்டதைச் சொல்லுங்கள்.

இறுதியாக, நம் மூத்த உறுப்பினர்க்கு ஒரு சொல். ஐயா! தாங்கள் 30 ஆண்டுகள் இந்நகரின் சாக்கடையைத் துப்புரவு செய்தீர்கள். செய்ய மாட்டேன் என்று சொல்லத் தங்களுக்கு வழி இருந்ததில்லை. இந்நகரம் தங்களுக்கு நன்றி சொன்னதும் இல்லை. தாங்கள் கட்டிய கழகத்தில் படித்த பெண்ணுக்கு இன்று வேலை இருக்கின்றது, ஊதியம் இருக்கின்றது, ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை இருக்கின்றது. அத்தனையும் இருந்தும் அவர் ‘போகிறேன்’ என்கின்றார். தங்கள் ஊழியம் அவரிடத்தில் தொண்டாக மாறியுள்ளது. இந்த 25 ஆண்டுகளில் நம் கழகம் ஈட்டிய ஊதியம் இதுவே என்று யாம் கருதுகின்றோம்.

சென்ற வாரம் செயற்குழு மீண்டும் கூடியது. அன்று கலங்கிய கண்களோடு அமர்ந்த அப்பெரியவர், அம்மகளின் பயணச் செலவுக்கென ஒரு சிறு தொகையைத் துணியில் முடிந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ‘போய் வரட்டும்; ஆனா வரணும்’ என்றார். அதற்குமேல் இம்மேடையில் யாம் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

அம்மகள் நலமே சென்று நலமே மீள்க! அவர் வழியில் இன்னும் பலர் எழுக! நம் கழகம் பொன்விழாக் காண்க!